2 அடி செடித் தொட்டி, 850 டிடிஎஸ் போர் தண்ணி, சென்னை வெயில்... என்ன மீன் விடலாம்?

வேளச்சேரி_செடித்தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல்தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

டேங்க் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்கு போட்டா 56 லிட்டர் வருது, மணல் கட்டை எல்லாம் போக தண்ணி 45 லிட்டர் நிக்கும்னு நெனைக்கிறேன். பின்னாடி வரிசையா வாலிஸ்னேரியா, கட்டையில நூல் சுத்தி கட்டுன ஜாவா ஃபெர்ன், முன்னாடி கிரிப்ட் வென்டி நாலு கொத்து, மேல மிதக்குறதுக்கு கொஞ்சம் ஹார்ன்வொர்ட். செடிக்கு சிஓ2 வாயு குடுக்குறது கிடையாது. சாதா எல்இடி, தினம் 6 மணி நேரம். ஸ்பாஞ்ச் ஃபில்டர். அஞ்சு வாரமா ஓடுது, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வெறும் தொட்டியாவே வச்சிருக்கேன். நேத்து டெஸ்ட் பண்ணப்ப அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10.

இவ்ளோ பொறுமையா இருக்குறதுக்கு காரணம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒரு கடையில டேங்க்கும் மீனும் ஒரே நாள்ல வாங்கினோம். 10 கப்பி, 4 ஏஞ்சல், 2 சக்கர். மூணாம் நாளே தண்ணி அரிசி கழுவுன மாதிரி ஆயிடுச்சு, கடைக்கு போன் பண்ணா கல்லுப்பு போடுங்க நீல மருந்து ஊத்துங்கன்னாங்க, ஊத்தினேன், எட்டு நாள்ல எல்லாம் போச்சு. கடைசியா இருந்த ஒரு கப்பி மேல வந்து வாயை வாயைத் திறந்துட்டே இருந்துச்சு, என் பையன் அப்ப ஒண்ணாவது, ஸ்கூலுக்கு போக மாட்டேன்னு அது பக்கத்துலயே உக்காந்திருந்தான். அந்த மாதிரி இன்னொரு தடவை நடக்கவே கூடாது.

இப்ப அவன் கேக்குற லிஸ்ட்: நியான் டெட்ரா 15, ஏஞ்சல் 2, ஃபைட்டர் 1. கடையில கேட்டா எல்லாம் ஒண்ணா இருக்கும் மேடம், பாசி திங்க ஒரு சக்கரும் போட்டுக்கோங்கன்னு சொல்றாங்க.

எங்க அபார்ட்மென்ட் போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 850, பிஹெச் 8 பக்கம். கிச்சன் ஆர்ஓ தண்ணி 40. போன மே மாசம் ஒரு பக்கெட் தண்ணியை ஹால்ல வச்சு மத்தியானம் பாத்தேன், 32 டிகிரி. ஏசி ராத்திரி பெட்ரூம்ல மட்டும்தான். எது விடலாம், எது கூடாது?

கொளத்தூர்_ஞாயிறு:

அஞ்சு வாரம் மீனே இல்லாம காத்திருக்கீங்க பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. அன்னைக்கு நடந்தது உங்க தப்பு இல்ல மேடம். புது டேங்க்ல மீன் கழிவுலயும் மிச்சத் தீனியிலயும் வர்ற அமோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா இருக்காது, அதுல ஒரே நாள்ல 16 மீன், அதுக்கு மேல உங்க தண்ணி பிஹெச் 8, பிஹெச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் விஷமாகும். நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, கொஞ்சநஞ்சம் வந்திருந்த பாக்டீரியாவையும் சேத்து கொன்னுடும். செடி டேங்க்ல அதை ஊத்தவே கூடாது, கல்லுப்பும் வேணாம், வாலிஸ்னேரியா ஓரளவு தாங்கும், மத்த செடி கஷ்டம்.

இப்ப பையன் லிஸ்ட். ஏஞ்சல் கடையில எட்டணா சைஸ்ல இருக்கும், ஒரு வருஷத்துல உள்ளங்கை அளவு வந்துடும், மேலயும் கீழயும் துடுப்பு நீண்டு உயரம் அதைவிட ஜாஸ்தி ஆகும். ஒரு அடி உயர டேங்க்ல, அதுல மணலே ரெண்டு இஞ்ச் போயிடும், அது நிமிந்து நீந்தவே முடியாது. போதாக்குறைக்கு வளந்த ஏஞ்சல் நியானை முழுங்கும், ராத்திரி 15 இருந்தது காலையில 11 இருக்கும், எங்க போச்சுன்னு செடிக்குள்ள தேடுவீங்க. சக்கர் ஒரு அடிக்கு மேல வளரும், மணலைக் கிளறி கிரிப்ட்டை வேரோட பிடுங்கும், பெருசானதும் பாசியை அவ்வளவா சீண்டாது. பெருசாயிடுச்சுன்னு ஏரியில கொண்டுபோய் விடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க, வெளிநாட்டு மீன் அது, நம்ம நீர்நிலைங்கள்ல ஏற்கனவே பெருகி நாட்டு மீனுங்களை ஒதுக்கிட்டு வருது.

நியான் நல்ல மீன், ஆனா உங்க வீட்டுக்கு இல்ல. அமேசான் பக்கத்து மென்தண்ணி மீன், 22ல இருந்து 26 டிகிரிதான் அதுக்கு சுகம். 32ல சுருண்டுடும்.

நான் இருபது வருஷமா மீன் வளக்குறேன், கடைக்கு போறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். மீனைப் பாத்துட்டு அதுக்கு தண்ணி தேடாதீங்க, குழாய்ல என்ன தண்ணி வருதோ அதுக்கு மீன் தேடுங்க. உங்க தண்ணியை அப்படியே ஊத்தி நிம்மதியா வளக்கணும்னா கப்பி, எண்ட்லர், பிளாட்டி, இதுங்க கடினத் தண்ணியிலதான் நல்லா இருக்கும். ஆண் கப்பி மட்டும் 8 வாங்குங்க. ஒரே ஒரு பெண் வந்தாலும் கடையிலயே கருத்தரிச்சு வந்திருக்கும், ஒருதடவை சேந்தா மாசக்கணக்கா குட்டி போடும், 45 லிட்டர்ல நாலு மாசத்துல கூட்டம் தாங்காது.

தாம்பரம்_டெட்ரா:

கொளத்தூர் அண்ணா சொல்றதுல ஒரு இடத்துல மட்டும் ஒத்துப்போக மாட்டேன். எனக்கும் போர் தண்ணிதான், பாதி ஆர்ஓ கலந்து ஒன்றரை வருஷமா டெட்ரா வச்சிருக்கேன், நியான் இல்ல கார்டினல், ரெண்டும் பாக்க ஒண்ணுபோல இருக்கும் ஆனா கார்டினலுக்கு வயிறு முழுக்க தலையில இருந்து வால் வரைக்கும் சிவப்பு ஓடும், நியானுக்கு பின்பாதி மட்டும்தான். கார்டினல் 28, 29 வரைக்கும் நல்லா தாங்குது. உங்க 850ஐயும் 40ஐயும் சரிபாதி கலந்தா 450 பக்கம் வரும், அதுல நெறைய மீனுக்கு கதவு திறக்கும்.

ரெண்டு விஷயம் மட்டும் மறக்காதீங்க. ஆர்ஓ மெஷின்ல வெளிய போற கழிவுத் தண்ணியை எடுத்து ஊத்திடாதீங்க, அது போர் தண்ணியை விட மோசம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆர்ஓ தண்ணி ஆர்ஓ தண்ணின்னு சொல்லி அதைத்தான் ஊத்திட்டிருந்தார். அப்புறம் கோடையில தண்ணி வத்தும்போது ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலயே நிக்கும், வத்தினதை ஈடுகட்ட மறுபடி போர் தண்ணி ஊத்துனா டிடிஎஸ் ஏறிக்கிட்டே போகும். வத்தினதுக்கு ஆர்ஓ மட்டும், வாராவாரம் மாத்துறதுக்கு கலந்த தண்ணி.

சூட்டுக்கு ஒரு சின்ன கிளிப் ஃபேனை தண்ணி மேல படுற மாதிரி மாட்டுங்க, ரெண்டு டிகிரி இறங்கும்.

சுன்னாகம்_கிணறு:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணத்துத் தண்ணி சரியான கடினம், கேத்தில் அடியில வெள்ளையா படியும். உங்கட பிரச்சினை எனக்கு வடிவா விளங்குது.

நீங்கள் செர்ரி பார்ப் யோசிச்சுப் பாருங்கோ. எங்கட நாட்டு மீன், இலங்கையைத் தவிர வேற எங்கயும் இயற்கையா இல்லை, தென்மேற்குப் பக்கம் மரநிழல் விழுற சின்ன ஓடையளில சருகுக்கு மேல திரியும். 1929ல தெரணியகல எண்ட எங்கட விஞ்ஞானி அதுக்கு விஞ்ஞானப் பேர் வச்சவர், அந்தப் பேரில வாற தித்தேயா சிங்களச் சொல். முன்னம் ஓடையளில இருந்து கனக்கப் பிடிச்சு வெளிநாட்டுக்கு ஏத்தினவை, இப்ப கடையளில வாறது பெரும்பாலும் பண்ணையில வளந்தது, அதால தண்ணி விஷயத்தில அவ்வளவு பிடிவாதம் இல்லை. நான் பாதிக்குப் பாதி மழைத்தண்ணி கலந்து மூண்டு வருசமா வச்சிருக்கிறன்.

ரெண்டு இஞ்சிக்கு மேல வளராது, ஆரையும் கடிக்காது, டைகர் பார்ப் மாதிரி வால் கொத்திற பழக்கமே இல்லை. ஆண் நல்ல சிவப்பு, பெண் மண்ணிறத்தில ஒரு கறுப்புக் கோட்டோட இருக்கும். கடையில வெறும் வெளிச்சத் தொட்டியில நிக்கேக்க வெளிறிப் போய் ஒண்டுக்கும் உதவாத மீன் மாதிரித் தெரியும், அதைப் பாத்துப்போட்டு விட்டிட்டு வந்திடாதேங்கோ. செடிக்குள்ள விட்டு ரெண்டு கிழமை போகட்டும், ஆண் மீன் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திடும். எட்டு எடுத்தால் மூண்டு ஆண், அஞ்சு பெண். ஆண் கூடினா பெண்ணை ஓயாமல் துரத்தும், பெண் இளைச்சுப் போகும்.

வேளச்சேரி_செடித்தொட்டி:

இவ்ளோ பேர் இவ்ளோ அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல, ரொம்ப நன்றி. பையன்கிட்ட ஏஞ்சல் எவ்ளோ பெருசாகும்னு ஸ்கேல் வச்சு கண்ணாடியில காட்டினேன், அவனே வேணாம்னுட்டான். ஆனா "ஒரே ஒரு ஹீரோ மீன்" வேணுமாம், ஃபைட்டர்தான் வேணும்னு நிக்கிறான். செர்ரி பார்ப்போட ஃபைட்டர் விடலாமா? கீழ மணல்ல திரியுற மாதிரி ஏதாவது உண்டா? ஆர்ஓ கலக்குறது எனக்கு பிரச்சினை இல்ல, வாரம் ரெண்டு பக்கெட் முடியும். இன்னொரு சந்தேகம், கிரிப்ட் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி கரையுது, செத்துடுச்சா?

பொருநை_கரை:

நான் திருநெல்வேலி. கிரிப்ட்டை பிடுங்கிராதீங்க, இடம் மாத்துனா தண்ணி மாறுனா இலையை அப்படியே கரைச்சுரும், கிழங்கு உயிரோடதான் இருக்கும், மூணு வாரத்துல புது இலை விடும். அழுகுன இலையை மட்டும் கிள்ளி எடுத்துருங்க.

எங்க ஊர் வாய்க்கால்ல முண்டக்கண்ணின்னு ஒரு மீன் உண்டு, தண்ணிக்கு மேலாப்புலயே நிக்கும், நெத்தியில வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி மின்னும், கொசுப்புழுவை விரும்பித் திங்கும். வெயிலும் கடினத் தண்ணியும் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஹீரோ மீன்னா அதைத்தான் சொல்லுவேன், ஆனா பெரிய சாதி வளந்தா நாலு இஞ்ச் வரும், வாய்க்குள்ள போற சின்ன மீனை விடாது, மூடி இல்லாட்டி துள்ளி வெளிய விழுந்துரும். 2 அடி டேங்க்ல செர்ரி பார்ப்போட எனக்கு மனசு ஒப்பல. தனி டேங்க் வைக்கிற அன்னைக்கு நெனைச்சுக்கோங்க.

கொளத்தூர்_ஞாயிறு:

தாம்பரம் தம்பி சொன்ன ஆர்ஓ கணக்கு சரிதான், மேடம் வாரம் ரெண்டு பக்கெட் கலக்கத் தயார்னா நானும் அதுக்கே வர்றேன். பச்சைச் செடிக்கு நடுவுல சிவப்பு மீன், அந்த அழகுக்கு ஈடு இல்ல.

ஃபைட்டர் பத்தி நேராவே சொல்றேன். சில ஃபைட்டர் சாது, சிலது நிழலைப் பாத்தாலே பாயும், வாங்கும்போது எது எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. செர்ரி பார்ப்புக்கு குட்டை வால், அதனால கப்பியோட விடுறதை விட வாய்ப்பு நல்லாவே இருக்கு, ஆனா தனியா எடுத்து வைக்க ரெண்டாவது தொட்டி இல்லாம அந்தப் பரீட்சை வேணாம். அதுக்குப் பதிலா ஹனி கௌராமி ஒரு ஜோடி பாருங்க. ஃபைட்டருக்கு சொந்தக்கார மீன், அதே மாதிரி மேல வந்து காத்து குடிக்கும், வங்காளம் அசாம் பக்கத்து மீனு, 28 டிகிரியெல்லாம் அதுக்கு சாதாரணம். வயித்துப் பக்கம் நூல் மாதிரி ரெண்டு மீசைத் துடுப்பு இருக்கும், அதை நீட்டி இலையையும் பக்கத்து மீனையும் தொட்டுத் தொட்டுப் பாக்கும், பையன் அதைப் பாத்தா ஃபைட்டரை மறந்துடுவான். ஆண் மீன் ஜோடி தேடுற நேரத்துல தொண்டை கருநீலமா மாறும்.

வாங்கும்போது மட்டும் உஷார். கோல்டு கௌராமி குட்டியை ஹனின்னு சொல்லி குடுத்துடுவாங்க, ரெண்டும் மஞ்சள்தான். கோல்டுக்கு முதுகுல கறுப்பு வரியோ திட்டோ இருக்கும், அது ஆறு இஞ்ச் வளரும், முரடு. ஹனிக்கு உடம்பு ஒரே சீரா தேன் நிறம், ரெண்டு இஞ்சோட நின்னுடும்.

கீழ விடுறதுக்கு கோரி, அடியிலயே திரியுற சின்ன கெளுத்தி வகை. பாண்டா கோரி வேணாம், அது குளிர் தேடும். ஸ்டெர்பாய் கோரி சூடு தாங்கும், விலை கூட, இருந்தாலும் குறைஞ்சது ஆறு வேணும், ரெண்டு மூணு விட்டா மூலையில ஒளிஞ்சுக்கும். அது மணலை வாய்ல அள்ளி செவுள் வழியா விடும், கூரான கல்லு இருந்தா மீசை தேஞ்சுடும், உங்ககிட்ட மணல்ங்கிறதால பிரச்சினை இல்ல. நடுநடுவுல சர்ருனு மேல பாஞ்சு ஒரு வாய் காத்து எடுத்துட்டு இறங்கும், அது வழக்கம்தான், பழைய ஞாபகத்துல பதறிடாதீங்க. எல்லா மீனும் விடிகாலையில மேலயே நின்னு வாயைத் திறந்தாதான் கவலைப்படணும், ராத்திரி செடியும் ஆக்ஸிஜன் எடுக்கும், சூடான தண்ணியில ஆக்ஸிஜன் ஏற்கனவே கம்மி, அதனால ராத்திரி ஸ்பாஞ்ச் ஃபில்டரை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீங்க.

ஒரே நாள்ல வேணாம். முதல்ல செர்ரி பார்ப் 8, ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ணுங்க, அமோனியா 0 நின்னா கோரி 6, அதுக்கும் மூணு வாரம் கழிச்சு கடைசியா கௌராமி. பாசிக்கு நெரைட் நத்தை ரெண்டு போதும், கடினத் தண்ணியில ஓடு நல்லா இருக்கும், நல்ல தண்ணியில குஞ்சு பெருகாது, கண்ணாடியில வெள்ளை வெள்ளையா முட்டை ஒட்டும் அவ்ளோதான். இதோட டேங்க் நிறைஞ்சுது, இதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம்.

வேளச்சேரி_செடித்தொட்டி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். ரெண்டு ஞாயிறு அலைஞ்சு செர்ரி பார்ப் 8 கிடைச்சுது, சுன்னாகம் தம்பி சொன்ன மாதிரியே கடையில சாயம் போன துணி மாதிரி இருந்துச்சு, நீங்க சொல்லலன்னா கண்டிப்பா விட்டுட்டு வந்திருப்பேன். கவரை அரை மணி நேரம் மிதக்க விட்டு, டம்ளர் டம்ளரா எங்க தண்ணி ஊத்தி, அப்புறம் வலையில எடுத்து விட்டோம். முதல் நாலு நாள் வாலிஸ்னேரியா பின்னாடியே நின்னுதுங்க. இப்ப மூணு ஆணும் மிளகாய்ப்பழம்தான். அதுல ரெண்டு காலையில லைட் போட்டதும் துடுப்பை விரிச்சு ஒண்ணை ஒண்ணு சுத்தி வட்டம் போடுது, இடிக்கல, கடிக்கல. பையன் பல்லு விளக்குற பிரஷ்ஷோட வந்து நிக்கிறான். அமோனியா 0. கிரிப்ட்ல சுருண்ட புது இலை ரெண்டு வந்திருக்கு.

இந்த ஞாயிறு கோரி வாங்கலாம்ல? ஒரு பெண் மட்டும் கொஞ்சம் ஒல்லியா, வயிறு உள்வாங்கின மாதிரி இருக்கு, சாப்பிட வருது ஆனா துப்பிடுது.

கொளத்தூர்_ஞாயிறு:

கோரி இந்த ஞாயிறு வேணாம், பத்து நாள் பொறுங்க. அந்தப் பெண்ணை முதல்ல கவனிப்போம். தீனி வாய்க்கு பெருசா இருக்கலாம், விரல்ல நசுக்கி பொடியாக்கிப் போடுங்க, வாரம் ரெண்டு தடவை ஆர்டீமியா (மீன் தீனிக்கு விக்கிற பொடி இறால்) குடுங்க. கழிவு வெள்ளையா நூல் மாதிரி வருதான்னு மட்டும் பாத்து சொல்லுங்க, வந்தா உடனே தனி டப்பாவுக்கு மாத்தணும். முடிஞ்சா ஒரு போட்டோ போடுங்க, பக்கவாட்டுல, ஃபிளாஷ் இல்லாம.