ஜாலியன்வாலா பாக்: அந்தச் சந்தில் சிற்பங்கள் வேண்டுமா?

பாலாற்றங்கரை:
சென்ற மாதம் குடும்பத்துடன் அமிர்தசரஸ் சென்றிருந்தேன். 1919இல் ஆங்கிலேயப் படை மக்களைச் சுட்டுக் கொன்ற ஜாலியன்வாலா பாக், பொற்கோயிலிலிருந்து நடந்தே போகும் தொலைவில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது, உள்ளே நுழையும் குறுகிய சந்தின் சுவர்களில் மனித உருவங்களைப் புடைப்புச் சிற்பங்களாகப் பதித்துவிட்டார்கள். 2009இல் நான் பார்த்தபோது அவை வெறும் சுவர்கள். அவற்றினிடையே நடக்கையில் பேச்சே எழவில்லை. இம்முறை எனக்கு முன்னே சென்றவர்கள் சிற்பங்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாற்றம் தவறானது என்பதே என் எண்ணம்.

மருதன்:
உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா, ஆனால் உடன்பட முடியவில்லை. அந்த இடம் 1919இல் இருந்தபடியே என்றும் இருந்ததில்லை. நடுவில் எழும்பி நிற்கும் செந்நிறத் தீச்சுடர்த் தூண், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்து, 1961இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தது. புல்வெளியும் செடிகளும் பின்னால் வந்தவையே. அவற்றை ஏற்றுக்கொண்ட நாம் சிற்பங்களை மட்டும் மறுப்பது எப்படி? வைசாகித் திருநாளுக்கு ஊர்களிலிருந்து வந்த எளிய மக்களும் அன்று அங்கே இருந்தார்கள் என்பதை, வரலாறு அறியாத ஒரு சிறுவனுக்கு வெறும் சுவர் சொல்லுமா?

செம்மண்:
மருதன் அவர்களே, தூண் நின்ற இடம் வேறு, சந்து வேறு. சுட ஆணையிட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி டயர், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளோடு வந்தார். சந்து குறுகலாக இருந்ததால்தான் அவை வெளியே நின்றன. நுழைய முடிந்திருந்தால் அவற்றையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில் அவரே, படுகொலையை விசாரிக்க அரசு அமைத்த ஹண்டர் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். துப்பாக்கி ஏந்திய 50 சிப்பாய்கள் அந்தச் சந்து வழியே உள்ளே வந்து, சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகளைச் சுட்டார்கள். ஆகவே அங்கே நடப்பவர், மக்கள் நடந்த வழியில் மட்டுமல்ல, அந்தச் சிப்பாய்கள் வந்த வழியிலும் நடக்கிறார். இரு கைகளையும் நீட்டி அகலத்தை உணர்ந்தாலே, அரசு 379 என்றும் காங்கிரஸ் விசாரணைக் குழு ஏறத்தாழ 1,000 என்றும் கணக்கிட்ட சாவுகள், தப்ப வழியின்றி எப்படி நேர்ந்தன என்பது விளங்கிவிடும். அந்தச் சிறுவனுக்கு அதைவிடத் தெளிவான பாடம் எது? சிற்பங்கள் கண்ணைத் தம் பக்கம் இழுத்து, அந்த அகலத்தையே மறக்கச் செய்கின்றன.

மருதன்:
கவச வண்டிகளைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சந்தை அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் புதுப்பித்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்தை விரிவுபடுத்தியதையும் இதையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டிக்கக் கூடாது. ஊரடங்குக்கு அஞ்சி யாரும் உதவிக்கு வர இயலாத அந்த இரவு முழுவதும் கணவரின் உடலருகே அமர்ந்திருந்த ரத்தன் தேவியின் சாட்சியத்தை எந்தச் சுவரும் சொல்லாது. அதற்கு எழுத்து வேண்டும்.

பாலாற்றங்கரை:
எழுத்து வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அது அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். குண்டு துளைத்த சுவரில் தடங்களைச் சுற்றி வெண்கோடு மட்டும் இட்டு விட்டிருக்கிறார்களே, அந்த அடக்கம் சந்துக்கும் போதும். நினைவிடத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் கேட்கவிருப்பது ஒன்றுதான்: சிற்பங்களை உள்ளே ஒரு கூடத்துக்கு மாற்றிவிட்டு, அந்த இரு சுவர்களையும் வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.