வாட்ஸ்அப்பில் பேச்சு ஆங்கிலம் நடத்தப் பயிற்சி வேண்டும்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரி மூடியபோது எல்லாம் இணையவழிக்கு மாறியது. வெபினார்கள் நிறைய வருகின்றன; நான் பார்த்தவை பெரும்பாலும் இலக்கிய உரைகள். எனக்கு வேண்டியது வேறு.

என் மாணவிகள் சிலர் நடவு முடிந்ததும், சிக்னல் கிடைக்கிற வாய்க்கால் மதகில் உட்கார்ந்து குரல்பதிவு அனுப்புகிறார்கள். பின்னால் பம்புசெட் சத்தம். அவ்வளவு ஆர்வமான பிள்ளைகள்! அந்தப் பதிவுகளை வைத்து உச்சரிப்பைத் திருத்துவது எப்படி, குறைந்த டேட்டாவில் இருவர் இருவராகப் பேசவைப்பது எப்படி என்று செய்துகாட்டும் பயிற்சி யாராவது முடித்திருக்கிறீர்களா? அப்புறம், மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்காக நடந்த அர்பித் (ARPIT) புத்தாக்கப் பயிற்சியில் மொழி கற்பித்தல் படித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் வாரம் ஒரு மாலை கூகுள் மீட்டில் கூடலாம். விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள்.