டெஸ்க்டாப்பில் புளூடூத் கீபோர்டு இணைந்த 10 நொடியில் துண்டிக்கிறது

வணக்கம். கீபோர்டின் பெயர் தெரிகிறது. திரையில் வரும் 6 இலக்க எண்ணை அதில் அடித்து என்டர் தட்டினால் ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது. 10 நொடியில் வெறும் ‘பேர்ட்’ (ஜோடி சேர்ந்தது மட்டும், இணைப்பில் இல்லை) ஆகிவிடுகிறது, எழுத்து விழுவதில்லை.

விண்டோஸ் 11, யூஎஸ்பி டாங்கிள் (போர்ட்டில் செருகும் சின்ன புளூடூத் 5.3 அடாப்டர்). மதர்போர்டின் வைஃபை கார்டிலும் பழைய 4.2 புளூடூத் உண்டு. டாங்கிள் செருகி 5 நாள், அன்றிலிருந்தே இப்படித்தான். போனில் இதே கீபோர்டு மணிக்கணக்கில் ஓடுகிறது, ஆகவே குறை கீபோர்டில் இல்லை.

இருபக்கமும் பழைய இணைப்பை அழித்து மறுபடி பேரிங் செய்தாயிற்று. யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதால் டாங்கிளை 1 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் 2.0 போர்ட்டுக்கு மாற்றினேன். மின்சாரம் மிச்சப்படுத்த டாங்கிளை விண்டோஸ் அணைக்க விடும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்தாயிற்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஆஃப். பேட்டரி புதுசு.

என் சந்தேகம் டாங்கிள், வைஃபை கார்டு ஆகிய இரண்டின் புளூடூத் ரேடியோக்கள் மோதுவதுதான். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கையாளும். 4.2-ஐ டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்தால் கீபோர்டு துண்டிக்காமல் இணைப்பிலேயே இருக்கிறது, ஆனால் ரீஸ்டார்ட்டில் அந்த 4.2 மறுபடி எனேபிள் ஆகிறது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) அந்த கார்டை அணைத்தால் வைஃபையும் சேர்ந்து போய்விடும்.

வைஃபையை இழக்காமல் அந்த 4.2 புளூடூத்தை மட்டும் நிரந்தரமாக அணைப்பது எப்படி?