நெட் லைன் குடுக்குற கம்பெனிக்காரனே நாம நெட்டுல பாக்குறத எட்டிப் பாத்து விளம்பரம் போட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கா?

பொள்ளாச்சிக்காரன்

எங்க ஊர் பஸ் டைமிங்குக்கு ஒரு சின்ன வெப்சைட் வெச்சிருக்கேன், அப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னு நோட்டுல எழுதிட்டு வந்து எக்செல்ல அடிச்சுக் குடுப்பார், நான் ஏத்துவேன். விளம்பரம் ஒண்ணுகூட கிடையாது, அதுல அப்பா ரொம்பக் கண்டிப்பு. 2016 கடைசில ஒருநாள் எனக்கு ஸ்கூல்ல பாடம் எடுத்த டீச்சர் போன் பண்ணி, ஏன்டா தம்பி, காசுக்காக இப்படியா, சின்னப் புள்ளைங்க பாக்குற பக்கத்துல என்னென்னமோ படம் வருதேன்னு திட்டுனாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டு லேப்டாப்ல திறந்தா ஆமா, பக்கத்தோட அடியில ஒரு டேட்டிங் விளம்பரம் ஒட்டிக்கிட்டு நிக்குது. டீச்சர் வீட்லயும் எங்க வீட்லயும் ஒரே கம்பெனி நெட்டுதான், பேரு வேணாம். கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். "சார் உங்க சிஸ்டத்துல வைரஸ், ஃபார்மேட் பண்ணிடுங்க"ன்னாங்க. நம்பிப் பண்ணேன். அப்பா அடிச்சு வெச்ச எக்செல் ஷீட்டும் அதோட போச்சு, விளம்பரம் மட்டும் போகல.

அப்புறம் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அதே லேப்டாப்ல பாத்தேன், பக்கம் சுத்தமா இருக்கு. திரும்ப வீட்டு வைஃபை, திரும்ப விளம்பரம். பக்கத்தோட சோர்ஸ் கோட எடுத்துப் பாத்தா நான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் வரி, அதாவது பிரவுசர ஓட வைக்கிற கட்டளை, உள்ள இருக்கு, அது எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா சைட் பேருகூட இல்ல, வெறும் ஐபி நம்பர், நெட்டுல ஒரு மெஷினோட முகவரி எண். என் சர்வர்ல இருக்குற ஃபைல்ல அந்த வரி இல்ல. அப்போ நடுவுல யாரோ சொருகுறாங்க. அப்பாகிட்ட சொன்னேன், நான் எழுதுன தாள்ல அவன் எப்படிடா எழுதலாம்னு மட்டும் கேட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா சொருகுறதாவது கண்ணுக்குத் தெரியுது, ஆனா சொருகணும்னா முதல்ல நான் எந்தப் பக்கம் திறக்குறேன்னு அவன் மெஷின் பாத்துக்கிட்டே இருக்கணும்ல, அத எவ்ளோ நாளா பாக்குது, வேற எதுக்கெல்லாம் பாக்குது, யாரு அனுமதி குடுத்தா?

இது புதுசும் இல்ல. 2015 ஜூன்ல பெங்களூருல ஒரு ப்ரோகிராமர் ஏர்டெல் 3ஜில தன் பக்கத்துக்குள்ள ஸ்கிரிப்ட் நுழையுறதக் கண்டுபிடிச்சு ஆதாரத்தோட ப்ரோகிராமருங்க கோட் பகிர்ற கிட்ஹப் சைட்ல போட்டார், அந்த ஸ்கிரிப்டுக்குப் பின்னாடி இருந்த ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ்ங்கிற இஸ்ரேல் கம்பெனி அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்புச்சு. கஸ்டமருங்க எவ்ளோ டேட்டா பயன்படுத்துறாங்கன்னு தெரிஞ்சுக்க உதவுறதுக்குத்தான் அதுன்னு ஏர்டெல் சொல்லுச்சு. நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னும் சொன்னாங்க. உங்களுக்கு நடந்தத எழுதுங்க.

மதுரை லைன்மேன்

தம்பி, வைரஸ்னு சொன்ன கூட்டத்துல நானும் ஒருத்தன். வேற கம்பெனிதான், ஆனா எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, விளம்பரம் வருதுன்னு கம்ப்ளைண்ட் வந்தா கஸ்டமர் சிஸ்டத்த கை காட்டு, டிக்கெட்ட மூடு. கீழ இருக்குற எங்களுக்கு உள்ள என்ன பெட்டி ஓடுதுன்னு யாரும் சொல்லல. ஒரு காலேஜ் பையன் ரெண்டு சிஸ்டத்த பக்கத்துல பக்கத்துல வெச்சு, அண்ணே ஒண்ணு ஒங்க லைன், ஒண்ணு மொபைல், நீங்களே பாருங்கன்னு காட்டுனப்பதான் எனக்கே வெளங்குச்சு. அதுக்கு முன்னாடி எத்தன வீட்ல ஃபார்மேட் பண்ண வெச்சேனோ, நெனச்சா மனசு வலிக்குது. ஒங்க அப்பா ஷீட்டு போனதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன் தம்பி.

லண்டனில இருந்து

தம்பிமாருக்கு, இது இங்க 2008-ல பெரிய சண்டையா நடந்தது. நான் அப்ப வேற கொம்பனி லைன், எனக்கு நேர நடக்கேல்ல, ஆனா வேலையிடத்தில என்னோட இருந்த ஆக்கள் ஒவ்வொரு நாளும் இதைத்தான் கதைப்பினம். ஃபோர்ம் எண்டு ஒரு கொம்பனி, முந்தி 121மீடியா எண்ட பேரில விளம்பர மென்பொருள் செய்து பேரைக் கெடுத்துக்கொண்டவை. அவையின்ர பெட்டியை லைன்காரர் தங்கட நெட்வேர்க்குக்குள்ள வைச்சா, நீங்கள் திறக்கிற பக்கங்களை அது வாசிச்சு, உங்களுக்கு எதில விருப்பம் எண்டு தரம் பிரிச்சு, அதுக்கேத்த விளம்பரம் காட்டும். வெப்வைஸ் எண்டு வடிவான பேர் வேற வைச்சவை. பிடி (பிரிட்டிஷ் டெலிகொம்), வேர்ஜின் மீடியா, டோக்டோக் எண்ட மூண்டு லைன்காரரும் இதில சேருறம் எண்டு 2008 பெப்ரவரியில அறிவிச்ச பிறகுதான் மிச்சக் கதை வெளியில வந்தது, பிடி 2006-லயும் 2007-லயும் ஒருத்தருக்கும் சொல்லாமல் வாடிக்கையாளரின்ர லைனிலயே சோதிச்சுப் பாத்திருக்கு, 2006-ல மட்டும் கிட்டத்தட்ட 18,000 பேர். 2007-ல சில பேர் தங்கட கொம்பியூட்டர் தெரியாத ஒரு முகவரிக்குப் போய் வாறதைக் கண்டு கேட்டவை. என்ன பதில் தெரியுமோ? உங்கட கொம்பியூட்டரிலதான் வைரஸ். பொள்ளாச்சித் தம்பி எழுதினதை வாசிக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொண்டு என்னைச் சரியா உறுத்தினது. வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னதைக்கூட உங்கட பிரவுசரில சேமிக்கிற குக்கீ எண்ட ஒரு சின்னக் குறிப்பிலதான் வைக்கத் திட்டம் போட்டவை, குக்கீயை அழிச்சா உங்கட மறுப்பும் சேர்ந்து அழிஞ்சுபோகும். கேட்காமல் பாத்தது அவங்கள், ஒவ்வொரு முறையும் வேண்டாம் எண்டு சொல்லுற வேலை எங்களுக்கோ? வெப்பையே உருவாக்கின டிம் பேர்னர்ஸ்-லீயே எதிர்த்துக் கதைச்சவர். 2009-ல அமேசனும் விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியாவும் தங்கட பக்கங்களைத் தொடக்கூடாது எண்டு சொல்லிட்டினம், அதே வருசம் ஜூலையில பிடி கைவிட்டது. ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசாங்கத்துக்கு மேல நடவடிக்கை எடுத்து இங்க சட்டத்தையே மாத்த வைச்சது. ஆனா ரகசியமாச் சோதிச்சதுக்கு ஒருத்தரும் கோர்ட்டில நிக்கேல்ல, 2011-ல அரச வழக்குத்தொடுநர் வழக்குப் போடுறதில்லை எண்டு முடிச்சிட்டினம். எனக்கு இண்டைக்கும் அது ஆறேல்ல.

திருச்சி அக்கா

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல. அம்மாவுக்கு மார்ல கட்டி வந்தப்ப ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் போன்ல தேடிட்டே இருந்தேன், வீட்ல யாருக்கும் சொல்லல. மறுநாள் என் தம்பி அவன் போன்ல கிரிக்கெட் ஸ்கோர் பாக்குறான், கேன்சர் ஆஸ்பத்திரி விளம்பரம் வருது. என்னக்கா இதுன்னு கேக்குறான். எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு, அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. ஒரே வைஃபைதான், அப்போ இதுவும் லைன்காரன் வேலையா?

நியூஜெர்சி தமிழன்

அக்கா, அம்மா இப்போ நல்லா இருப்பாங்கன்னு நம்புறேன். நீங்க சொல்றது பெரும்பாலும் விளம்பர நெட்வொர்க் வேலை, ஒரே வைஃபைல இருக்குற போனெல்லாம் வெளியில ஒரே ஐபி நம்பர்ல தெரியும், அத வெச்சு ஒரே வீடுன்னு சேத்துடுவாங்க. லைன்காரன் சமாச்சாரம் இதவிட மோசம், குக்கீய அழிச்சாலும் பிரவுசர மாத்துனாலும் தப்பிக்க முடியாது. இங்க அமெரிக்கால வெரைசான்ங்கிற போன் கம்பெனி 2012-லேர்ந்து மொபைல் கஸ்டமர் அனுப்புற என்கிரிப்ட் ஆகாத ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் ஆளுக்கு ஒரு அடையாள எண்ண சேத்து அனுப்பிட்டு இருந்தாங்க, 2014-லதான் ஊருக்கே தெரிஞ்சுது. டர்ன்னு ஒரு விளம்பர கம்பெனி அந்த எண்ண வெச்சு, அழிச்ச குக்கீயக்கூட திரும்ப உயிர்ப்பிச்சுது. எங்க ஆபீஸ்ல அன்னிக்கு எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணிட்டு நம்ம ரிக்வெஸ்டோட தலைப்பு விவரத்த (ஹெடர்) காட்டுற ஒரு பக்கத்த திறந்து, அந்த எண் வருதான்னு பாத்தோம், நான் வேற கம்பெனி, என் போன்ல வரல. 2016 மார்ச்ல இங்க டெலிகாம் கம்பெனிங்களக் கண்காணிக்கிற அரசு ஆணையமான எஃப்சிசி வெரைசானுக்கு 13.5 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, அவ்ளோ பெரிய கம்பெனிக்கு அது ஒரு காசே இல்ல. அதே வருஷம் எஃப்சிசி, கஸ்டமர் சம்மதம் இல்லாம பிரவுசிங் விவரத்த விக்கக்கூடாதுன்னு விதி கொண்டுவந்துச்சு, அமலுக்கு வர்றதுக்குள்ள 2017-ல இங்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அத ரத்து பண்ணிருச்சு.

பொள்ளாச்சிக்காரன்

மதுரை அண்ணே, நீங்க மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, அப்பா மறுபடி நோட்டப் பாத்து ரெண்டு நாள்ல அடிச்சுட்டார். லெட்ஸ் என்கிரிப்ட்ங்கிற அமைப்புல இலவசமா சைட்டுக்கான சர்டிபிகேட் கெடச்சுது, 2017-ல சைட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது போக வர்றத பூட்டி அனுப்புற முறைக்கு, மாத்துனேன், அன்னிக்கே விளம்பரம் நின்னுச்சு. நடுவுல யாரும் உள்ள எழுத முடியாது, படிக்கவும் முடியாது. ஆனா எந்த சைட்டுக்குப் போறோம்ங்கிற பேரு இன்னும் அவனுக்குத் தெரியும், சைட் பேரச் சொல்லி அதோட ஐபி நம்பரக் கேக்குற டிஎன்எஸ் கேள்வி அவன் சர்வருக்குத்தான் போகுது. ஆண்ட்ராய்டு 9-லேர்ந்து செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ் இருக்கு, ஃபயர்பாக்ஸ்லயும் தனியா இருக்கு, அத போட்டா அந்தக் கேள்விய மறைக்கலாம், அப்பவும் கனெக்‌ஷன் ஆரம்பிக்கிறப்ப சைட் பேரு பெரும்பாலும் வெளிய தெரிஞ்சிடும். அதான் டெக்னிக்கலா தப்பிச்சுக்கோன்னு நம்மகிட்ட சொல்றது எனக்கு ஒத்துக்கல, காசு குடுத்து லைன் வாங்குறவன்கிட்ட கேக்காம பாக்கவே கூடாது. நான் மூணு தடவ எழுத்துல கேட்டேன், என் ட்ராஃபிக்க யாருக்குக் காட்டுனீங்கன்னு. ஒரு பதிலும் இல்ல. வேற கம்பெனி லைன் எங்க தெருவுக்கு அப்போ வரல, அதனால அவனுக்கே மாசா மாசம் பணம் கட்டிட்டு இருந்தோம்.