எஸ் மீட்டர் காட்டுவதைச் சொல்வதா, திருத்திச் சொல்வதா?

நண்பர்களே, ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையில் நேர்மையான சிக்னல் ரிப்போர்ட் (எதிர்முனையின் சிக்னல் எப்படி வந்து சேர்கிறது என்ற மதிப்பீடு) கொடுக்க முயல்கிறேன், சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாக இதே கதை. எதிர்முனையில் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கிறது, ஆர் 5 (தெளிவுக்கு முழு மதிப்பெண்) என்பதில் சந்தேகமே இல்லை. முள் மட்டும் எஸ் 4-ஐ (வலிமைக்கு 9-க்கு 4) தாண்டுவதில்லை.

100 வாட் எச்.எஃப் டிரான்சீவர், 10 மீட்டர் உயரத்தில் டைபோல் ஆன்டெனா, எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா பொருத்தத்தின் அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.3. கோஆக்ஸ் கேபிளை மாற்றிவிட்டேன், கனெக்டர்களைப் புதிதாகப் பற்றவைத்தேன். பலனில்லை.

அப்புறம் ப்ரீஆம்பை (வரும் சிக்னலைப் பெருக்கும் பகுதி) அணைத்துவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரை வைத்துப் பார்த்தேன். 50 மைக்ரோவோல்ட்டுக்குச் சரியாக எஸ் 9. அதைப் பாதியாக்கினால், அதாவது 6 டெசிபல் குறைத்தால், எஸ் 8 வர வேண்டும். எஸ் 7-க்கு இறங்குகிறது. கால்வாசிக்கு எஸ் 5. ஆக, ஒரு எஸ் படிக்கு 6 டெசிபல் இருக்க வேண்டிய இடத்தில் இதில் 3 தான்.

எல்லோருக்கும் 5-9 (ஆர் 5, எஸ் 9) கொடுத்துவிட்டு, அவர்களின் அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாளப் பெயர்) மூன்று முறை திரும்பக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேற்று ஒருவர் ஆன்டெனாவை உயர்த்திவிட்டு, “வித்தியாசம் தெரிகிறதா?” என்று ஆவலாகக் கேட்டார். அவருக்கு உண்மையான எண் வேண்டும்.

முள் காட்டும் எஸ் 4-ஐ அப்படியே சொல்லலாமா, அல்லது அளந்து பார்த்த கணக்குப்படி வரும் 6.5-ஐ ஒட்டி எஸ் 6 என்று திருத்திச் சொல்ல வேண்டுமா?