ஏற்காடு எஸ்டேட் ஆபீசுக்கு நாலு கம்ப்யூட்டர்: புதுசா, ரீஃபர்பிஷ்டா?

காபித்தோட்டம்:
வணக்கம்ங்க. ஏற்காட்டுல காபி, மிளகு எஸ்டேட் ஆபீசுக்கு நாலு சிஸ்டம் வேணும். கணக்கு எழுத டேலி பிரைம், ஆள் சம்பளத்துக்கு எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், மெயில், இவ்வளவுதான் வேலை. நாலு பேரும் ஒரே நேரத்துல டேலியில என்ட்ரி போடணும். மானிட்டர், யுபிஎஸ் சேர்த்து ஒரு லட்சத்துக்குள்ள முடியணும். கரண்ட் அடிக்கடி போகும், சித்திரையில இடி வேற. சேலத்துல வாங்கறப்போ எதையெல்லாம் பார்க்கணும்?

அஞ்சுரோடு சர்வீஸ்:
இந்த வேலைக்குப் புதுசு தேவையில்லைங்க. பெரிய கம்பெனிகள் கழிச்சுவிட்டதைச் சரிபண்ணி விக்கற ரீஃபர்பிஷ்டு பிசினஸ் மாடல் போதும்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, ஹெச்பி புரோடெஸ்க் 600 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720. மூணுமே இன்டெல் 8ஆம் தலைமுறை. அதுக்குக் கீழே இறங்காதீங்க. விண்டோஸ் 10 வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. 11-க்கு இன்டெல்னா 8ஆம் தலைமுறையாவது, கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப் வசதி) வேணும். ஐ5-7500 (7ஆம் தலைமுறை) பெட்டியைக் குறைச்ச விலைக்குக் காட்டி, "11 போட்டுத் தரோம்"னு சொல்வாங்க. அது தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டது, அடுத்த பெரிய அப்டேட் தானா வராது.

பிராசசர் ஐ3-8100 இருந்தாலே டேலி நல்லா ஓடும். மிச்சக் காசை 8 ஜிபி ரேம், புது 256 ஜிபி எஸ்எஸ்டியில போடுங்க. ரேம் ஒரே 8 ஜிபி குச்சியா இருந்தா இன்னொரு ஸ்லாட் காலியா கிடைக்கும்.

பில் போடறதுக்கு முன்னாடி கடையிலேயே விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்க. "டிஜிட்டல் லைசென்ஸ்"னு இருந்தா சரி. உங்க நிறுவனத்தோட ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியா ஆக்டிவேட் ஆனதா காட்டினா அது உங்க லைசென்ஸ் இல்ல, வாங்காதீங்க. பயாஸ் (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே வெச்சுட்டு வந்துருங்க. டெல்லுல எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸை (ஹார்ட்வேர் சோதனை) முழுசா ஓடவிடுங்க, பாதியில நிறுத்த வேண்டாம்.

நாலும் ஒரே மாடலா எடுங்க. இந்தச் சின்னப் பெட்டிகளோட பவர் சப்ளை கம்பெனிக்குக் கம்பெனி வேற அளவு, கனெக்டரும் வேற. கடையில கிடைக்கற சாதா ஏடிஎக்ஸ் பவர் சப்ளை பொருந்தாது. ஒரே மாடல்னா ஒண்ணு போனாலும் அதோட பார்ட்ஸ் மத்த மூணுக்கும் ஆகும்.

மண்டிக்கணக்கு:
டேலி சில்வர் ஒரு ஆளுக்குத்தான், நாலு பேருன்னா கோல்டு லைசென்ஸ் வேணும். அந்தச் செலவை இந்த ஒரு லட்சத்துல சேர்க்காதீங்க. டேட்டா ஃபோல்டரை ஒரு சிஸ்டத்துல வெச்சு அதுக்கு மட்டும் 16 ஜிபி ரேம் கொடுங்க. மத்த மூணையும் லேன் ஒயர்ல இணைங்க. வைஃபை நடுவுல அறுந்தா என்ட்ரி பாதியில நிக்கும், டேட்டா கெடவும் வாய்ப்பிருக்கு. ரெண்டு பென்டிரைவ்ல ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தி மாத்தி பேக்கப் எடுத்து, ஒண்ணை ஆபீசுக்கு வெளியே வையுங்க.

காபித்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க. ஆபீசுல ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருக்கு, அதுலயே ஓட்டலாமா? 80 மீட்டர் தள்ளி இருக்கிற குடோனுக்கும் ஒரு சிஸ்டம் போகும்.

அஞ்சுரோடு சர்வீஸ்:
ஸ்கொயர் வேவ் (கரண்ட் அலை சதுரமா வர்றது) வேண்டாம்ங்க. இந்த பவர் சப்ளைகள் அதுல திடீர்னு ஆஃப் ஆகலாம். சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை) இன்வெர்ட்டர்னா யுபிஎஸ் மோடுல (கரண்ட் போனா சட்டுனு மாறற செட்டிங்) வெச்சு ஓட்டலாம். இல்லேன்னா சிஸ்டத்துக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ், சேவ் பண்ணி மூடற அளவுக்கு நேரம் தரும். லேசர் பிரிண்டரை மட்டும் அதுல சொருகாதீங்க, சூடேறும்போது இழுக்கற கரண்ட்ல ஓவர்லோடு ஆகி எல்லாமே அணைஞ்சுரும்.

எர்த்தை முதல்ல பாருங்க. பாறை நிலத்துல எர்த் நல்லா பிடிக்காது. மல்டிமீட்டர்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபண்ணிட்டு அப்புறம் சிஸ்டத்தை இறக்குங்க.

குடோனுக்கு 80 மீட்டர் லேன் ஒயர் எட்டும், 100 வரைக்கும் கணக்கு. ஆனா வெளியே போற செம்பு ஒயர் வழியா இடி உள்ள வந்து ஸ்விட்ச், மதர்போர்டுன்னு வரிசையா அடிக்கும். ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) இழுத்து ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேனோட இணைக்கற சின்னப் பெட்டி) போடுங்க. கண்ணாடியில கரண்ட் பாயாது. உலோகக் கம்பி இல்லாத ஃபைபரான்னு கேட்டு வாங்குங்க. இடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பவர் பிளக், லேன் ரெண்டையும் பிடுங்கிடுங்க.

மண்டிக்கணக்கு:
மூடுபனி மாசத்துல ஈரத்தால ரேம் கால்கள்ல படலம் படிஞ்சு திரை வராம போகும். ரேமைக் கழட்டி பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சுப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும். பெட்டியைத் தரையில வைக்காதீங்க. லீவு நாள்லயும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்க.