பவுலும் யாக்கோபும் ஒரே ஆபிரகாமைத்தான் சொல்றாங்களா?

ரெட்டைவால்குருவி:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். புதிய ஏற்பாட்டுல பவுல் எழுதின ரோமர் நிருபம் (கடிதம்) 4ஆம் அதிகாரத்துலயும் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்துலயும் ஒரே வசனம்தான் எடுத்துக்காட்டா வருது, ஆதியாகமம் 15:6, "ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது". அதை வச்சுக்கிட்டு பவுல் கிரியை (செயல்) இல்லாம விசுவாசத்தால நீதிமான்ங்கிறாரு, யாக்கோபு விசுவாசத்தால மாத்திரமல்ல கிரியையாலயும்தான்ங்கிறாரு. ஒரே ஆள், ஒரே வசனம், நேர் எதிர் முடிவு. இது முரண்பாடு இல்லன்னா வேற எதைத்தான் முரண்பாடும்பீங்க?

நெல்லைப்பையன்:
பிரதர், ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்களுக்கு பதில் சொல்றாங்க. பவுலுக்கு முன்னாடி இருந்த பிரச்சனை யூதரல்லாதவங்க விருத்தசேதனம் (ஆணுறுப்பு முன்தோலை நீக்குற யூத சடங்கு) பண்ணிக்கணுமாங்கிறது. அதான் ரோமர் 4:10ல கேக்குறாரு, நீதியா எண்ணப்பட்டப்போ ஆபிரகாம் விருத்தசேதனம் பண்ணியிருந்தானா இல்லையான்னு. கணக்கு போட்டு பாருங்க, இஸ்மவேல் பொறக்கும்போது ஆபிரகாமுக்கு 86, விருத்தசேதனம் 99 வயசுல, 15ஆம் அதிகாரம் இது ரெண்டுக்கும் முன்னாடி. குறைஞ்சது 13 வருஷம் இடைவெளி இருக்கு, பவுலோட வாதமே அந்த இடைவெளியிலதான் நிக்குது. யாக்கோபு விருத்தசேதனத்தைப் பத்தி மூச்சே விடல. அவர் கேக்குறது சாப்பாட்டுக்கு இல்லாத சகோதரன்கிட்ட "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால சொல்லி அனுப்பிட்டா என்ன பிரயோஜனம்னு. இதுல எங்க சண்டை?

ரெட்டைவால்குருவி:
அப்படி சுருக்கிட முடியாதுங்க. அதே ரோமர் 4ல 4, 5 வசனத்தை படிங்க. வேலை செய்யுறவனுக்கு கூலி கடன், வேலை செய்யாம பாவியை நீதிமானாக்குறவர விசுவாசிக்கிறவனுக்கு அந்த விசுவாசமே நீதின்னு வருது. இதுல விருத்தசேதனம் எங்க? கூலிக்கணக்கையே தூக்கி போடுறாரு. அடுத்து தாவீதை இழுக்குறாரு, 32ஆம் சங்கீதம், பாவம் மன்னிக்கப்பட்டவன் பாக்கியவான்னு. தாவீது விருத்தசேதனம் பண்ணவர்தானே, அப்புறம் எதுக்கு அவர்? ஆக பவுல் எல்லா கிரியையையும் சேர்த்துதான் பேசுறாரு.

மணியோசை:
அப்போ கலாத்தியர் 5:6 என்ன பண்றது? அன்பினால கிரியை செய்யுற விசுவாசம்னு எழுதினது அதே பவுல்தான். 1 கொரிந்தியர் 13ல மலைய பெயர்க்குற அளவு விசுவாசம் இருந்தாலும் அன்பு இல்லன்னா நான் ஒண்ணுமில்லன்னும் அவரே எழுதுறாரு. ரோமர் 2:13ஐயும் மறந்துடாதீங்க, நியாயப்பிரமாணத்தை (மோசேயோட சட்டத்தை) கேக்குறவங்க இல்ல, அதன்படி செய்யுறவங்கதான் நீதிமான்களாக்கப்படுவாங்களாம். எங்க கத்தோலிக்க சபைல இதை எப்பவும் சேர்த்துதான் படிப்போம். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி லூத்தர்தான் 1522ல புதிய ஏற்பாட்டு முன்னுரைல யாக்கோபை வைக்கோல் நிருபம்னு எழுதி, எபிரெயர், யூதா, வெளிப்படுத்தலோட சேர்த்து புத்தகத்துக்கு கடைசில தள்ளி நம்பர் கூட போடாம விட்டாரு.

நெல்லைப்பையன்:
அந்த வைக்கோல் வரி பின்னாடி வந்த பதிப்புல இல்லங்கிறதையும் சேர்த்து சொல்லுங்க அண்ணே. சும்மா பாதிய மட்டும் எடுத்து வீசாதீங்க.

பழையஏடு:
உள்ள வரலாமா. எல்லாரும் பவுலையும் யாக்கோபையுமே பாத்துட்டு இருக்கீங்க, அவங்களுக்கு முன்னாடி இந்த வசனத்தை எப்படி படிச்சாங்கன்னு யாரும் பாக்கல. 1 மக்கபேயர்ங்கிற பழைய யூத வரலாற்று நூல்ல 2:52, யூதத் தலைவர் மத்ததியா சாகும்போது பசங்களுக்கு சொல்றது: ஆபிரகாம் சோதனைல உண்மையா நின்னான், அது அவனுக்கு நீதியா எண்ணப்பட்டதுன்னு. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 100 வருஷம் முன்னாடியே ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து நட்சத்திர வாக்குத்தத்தத்தையும் (சந்ததி நட்சத்திரம் மாதிரி பெருகும்ங்கிறது) 22ஆம் அதிகாரத்து ஈசாக்கு பலியையும் (மகனையே பலியிடப் போனது) முடிச்சு போட்டுட்டாங்க. யாக்கோபும் அதையேதான் பண்றாரு, ஈசாக்கை பலிபீடத்துல வச்சப்போ அந்த வேதவாக்கியம் நிறைவேறிச்சுன்னு. அவர் பழைய வழில நடக்குறாரு. முடிச்சை அவுத்தது பவுல், 22ஐ தொடவே இல்ல. அவர் ஆபிரகாம்கிட்ட பாக்குறது நூறு வயசு ஆகப்போற செத்த உடம்பு, சாராளோட செத்த கர்ப்பம், அதைப் பாத்தும் வாக்கு கொடுத்தவர் செய்வார்னு இருந்த கிழவனை. பவுலுக்கு விசுவாசம்னா அந்த மாதிரி ஒருத்தர் மேல சாஞ்சு நிக்கிறது. யாக்கோபு 2:19ல திட்டுற விசுவாசமோ தேவன் ஒருவர்னு ஒத்துக்கிறது, அதை பிசாசும் ஒத்துக்கிட்டு நடுங்குது. பவுல் இதை விசுவாசம்னு கணக்குலயே எடுத்திருக்க மாட்டாரு.

ரெட்டைவால்குருவி:
இது நல்லாருக்கு, ஆனா முரண்பாட்டை கரைச்சு குடிச்சிடாதீங்க. கலாத்தியர் 2ல யாக்கோபுகிட்டேருந்து ஆளுங்க அந்தியோகியாவுக்கு வந்த உடனே பேதுரு யூதரல்லாதவங்களோட சாப்பிடுறத நிறுத்திட்டாரு, பவுல் எல்லார் முன்னாடியும் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. அப்போஸ்தலர் 21ல பவுல் எருசலேமுக்கு போனதும் உன்னைப் பத்தி இப்படியெல்லாம் பேச்சு இருக்குன்னு சொல்றதும் யாக்கோபு கூட்டம்தான். நிருபத்தை அதே யாக்கோபு எழுதினாரா இல்லையாங்கிறது தனி விவாதம், ஆனா ரெண்டு பக்கமும் உரசல் இருந்தது நிஜம். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதுக்கு அரைகுறையா போயிருக்கும்னு எனக்கு தோணுது.

பழையஏடு:
உரசல் இருந்துச்சு, யார் இல்லன்னா? நான் சொன்னது அது விசுவாசம்னா என்னங்கிறதுல இல்லைங்கிறதுதான். யார் பந்தில யார் உக்காரலாம்ங்கிறதுல. யாக்கோபு 2 ஆரம்பமே பாருங்க, பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்கு துணிக்காரனுக்கு என் பாதப்படி கிட்ட உக்காருன்னு சொல்றத கண்டிச்சுதான் தொடங்குது.

நெல்லைப்பையன்:
அதைத்தான் நானும் முதல்ல இருந்து கத்திட்டு இருக்கேன்!!

மணியோசை:
சரி, அப்போ எரிகோ ஊர்க்காரி ராகாபை எந்த பக்கம் வைப்பீங்க? இஸ்ரவேல் வேவுகாரங்களை ஒளிச்சு வச்சு வேற வழியா அனுப்பினதை யாக்கோபு 2:25 கிரியைங்குது. அதே பொம்பளைய, அதே சம்பவத்தை எபிரெயர் 11:31 விசுவாசம்ங்குது.

ரெட்டைவால்குருவி:
எபிரெயர் பவுல் எழுதினது இல்லல்ல, அதை வச்சு பவுலை காப்பாத்த முடியாது 😄 கலாத்தியர் 3ஐ முழுசா படிச்சிட்டு நைட்டு வரேன், அங்க அவர் இன்னும் காரமா எழுதியிருக்காரு.